அஷர் என்பவர் யார்? அரங்க வாயிலில் அவருக்கு என்ன வேலை?

டிசம்பர் சீசனுக்காகச் சென்னை சபா ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கும் கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் பேட்ஜில் ‘அஷர்’ என்று போட்டிருக்கிறார்கள். டிக்கெட் கிழிப்பதா, சீட் காட்டுவதா, எது எங்கள் வேலை? அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?”

இரண்டுமே உங்கள் வேலைதான். ஆனால் அவை வெளியே தெரிகிற பகுதி மட்டும். அஷர் என்பவர் வாயிலுக்குப் பொறுப்பானவர். யார் எப்போது எந்தக் கதவு வழியாக உள்ளே வரலாம் என்பதை அவர் முடிவு செய்கிறார். ஆபத்து என்று வந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் எந்தக் கதவு வழியாக வெளியேறுவார்கள் என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. கச்சேரி நடக்கும்போது ரசிகர்கள் மேடையைப் பார்ப்பார்கள், வித்வான்கள் பாட்டில் இருப்பார்கள். கூட்டத்தையும் கதவையும் பார்த்துக்கொண்டிருக்க வேறு ஆள் கிடையாது.

சொல்லின் மூலமும் இதையேதான் சொல்கிறது. லத்தீனில் ‘ஓஸ்தியும்’ என்றால் வாயில். வாயில் காப்பவர் ‘ஓஸ்தியாரியுஸ்’. அது பழைய பிரெஞ்சில் திரிந்து, ஆங்கிலத்தில் ‘அஷர்’ ஆயிற்று. நம் ‘வாயிலோன்’ அதற்கு நேரான சொல். கத்தோலிக்கத் திருச்சபையில் வாயில் காப்பவர் என்பது குருத்துவத்துக்கு முந்தைய சிறு பட்டங்களில் ஒன்றாக இருந்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கறுப்புக் கோலோடு போய் மக்களவைக் கதவை மூன்று முறை தட்டுகிற அதிகாரியின் பதவிப் பெயரில் இன்றும் ‘அஷர்’ இருக்கிறது. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் வழக்குக்கு வந்தவர்களைச் சரிபார்த்து, முறைப்படி கூப்பிட்டு உள்ளே அனுப்புபவரும் அஷர்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் செங்கோல் ஏந்தி வழிவிடச் செய்து நடக்கும் சோப்தாரின் வேலை இதற்கு உறவு. பழைய ஆங்கில நூல்களில் உதவி ஆசிரியரையும் இந்தப் பெயரால் குறித்திருப்பார்கள். அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. நம் ஊர் சினிமா கொட்டகைகளில் ‘டார்ச் அடிக்கிறவர்’ என்று மக்கள் சொன்னதும் இவரைத்தான்.

இனி வேலைக்கு வருவோம்.

கதவு திறக்க அரை மணி நேரம் முன்பே அரங்குக்குள் ஒரு சுற்று வர வேண்டும். ஒவ்வொரு வெளிவாயிலையும் கையால் தள்ளித் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தால் திறந்திருப்பது போலத் தெரியும் கதவில் மேல் தாழ்ப்பாள் போட்டிருக்கும். பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே யாரோ பைக்கை நிறுத்தியிருப்பார்கள், அல்லது கேட்டரிங் பாத்திரம் அடுக்கியிருக்கும். திரைச்சீலை ‘எக்ஸிட்’ விளக்கை மறைத்திருக்கும். நடைபாதையில் ஓடும் மைக் ஒயர், கேமரா ஒயர் மேல் முழு நீளத்துக்கும் டேப் ஒட்டியிருக்க வேண்டும்; நடுவில் ஒரு சாண் எழும்பி நின்றாலும் புடவைக் கரை மாட்டும். மார்கழியில் இன்னொன்று: வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கும். நனைந்த குடைகளை வாசலிலேயே வாங்கி வைக்க ஒரு வாளியும், கால் துடைக்க மிதியடியும் இல்லாவிட்டால், பளபளப்பான கிரானைட் தரையில் முதல் பத்து நிமிடத்திலேயே யாராவது வழுக்கி விழுவார்கள்.

எத்தனை பேர் வேண்டும்? அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) வகுத்த ‘101’ என்ற பாதுகாப்பு விதி, 250 பேருக்குக் குறைந்தது ஒரு பயிற்சி பெற்ற கூட்ட மேலாளர் வேண்டும் என்கிறது. 2003-இல் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்து 100 பேர் இறந்த பிறகுதான் சிறிய அரங்குகளுக்கும் அந்த விதி வந்தது. அது அவசர நிலைக்கான குறைந்தபட்சம். உட்கார வைக்கும் வேலையையும் சேர்த்தால், என் கணக்கில் 500 இருக்கை அரங்குக்கு எட்டுப் பேர் வேண்டும்: நுழைவாயிலில் டிக்கெட் பார்க்க இருவர், ஒவ்வொரு நடைபாதைக்கும் ஒருவராக நான்கு பேர், பக்கவாட்டு வாயிலில் ஒருவர், எங்கும் நிற்காமல் சுற்றிவரும் தலைமை அஷர் ஒருவர். பால்கனி இருந்தால் அதற்குத் தனியாக இருவர். ‘எல்லாரும் எல்லாம் பார்த்துக்கொள்வோம்’ என்று விட்டால் எல்லாரும் வாசலில் கூடி நிற்பார்கள், பால்கனியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

டிக்கெட்டைப் பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் தேதி, அடுத்து நேரம், பிறகு பிளாக், கடைசியில்தான் வரிசையும் எண்ணும். பெரும்பாலோர் நேரே இருக்கை எண்ணுக்குப் போய்விடுகிறார்கள். ஒரே மேடையில் நாள் முழுக்க நான்கைந்து கச்சேரி நடக்கும் சீசனில், நாலு மணி டிக்கெட்டோடு ஏழு மணிக்கு வருபவர் தினமும் இருப்பார். வரிசை எழுத்துகளில் ‘ஐ’யும் ‘ஓ’வும் ஒன்று, பூஜ்யம் போலத் தெரியும் என்பதால் பல அரங்குகளில் விட்டுவிடுவார்கள், ‘எச்’சுக்கு அடுத்த வரிசை ‘ஜே’யாக இருக்கும். உங்கள் அரங்கில் எப்படி என்று முதல் நாளே நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒரே இருக்கைக்கு இருவர் வந்து நின்றால், வரிசைக்குள் வைத்து விசாரிக்காதீர்கள். பின்னால் இருக்கும் பத்துப் பேரும் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு டிக்கெட்டையும் கையில் வாங்கி, நடைபாதைக்கு வந்து, மேலே சொன்ன வரிசைப்படி பாருங்கள். பெரும்பாலும் தேதியோ பிளாக்கோ மாறியிருக்கும். உண்மையிலேயே இரட்டை டிக்கெட் என்றால், உட்கார்ந்திருப்பவரை எழுப்பக் கூடாது. இரண்டாவது ஆளை, அதற்காகவே ஒதுக்கி வைத்த இருக்கைக்கு அழைத்துப் போங்கள். அமைப்பாளரிடம் பேசி நல்ல இடத்தில் நான்கு முதல் ஆறு இருக்கை எப்போதும் கைவசம் வைத்திருப்பது தலைமை அஷரின் வேலை. அதைக் கடைசி நிமிடத்தில் வரும் விஐபிக்குத் தாரைவார்த்துவிட்டால் அன்றைக்குத்தான் இந்தத் தகராறு வரும்.

சென்னைக்கே உரிய ஒரு சிக்கல், மதியக் கச்சேரி. பல சபாக்களில் மதியம் இலவசம், மாலையில் டிக்கெட். இரண்டு மணிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர் மாலைக் கச்சேரிக்கும் அங்கேயே இருப்பார். அல்லது இருக்கையில் துண்டோ கைப்பையோ போட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் போயிருப்பார். மதிய மங்களம் முடிந்த உடனே, ஆட்கள் எழுந்து நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் அரங்கைக் காலி செய்ய வேண்டும்; மறுபடி உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது பெரும்பாடு. ஆளுக்கு ஒரு பக்கமாக மேடைப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். “சார், அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் வச்சிருக்கீங்களா? ஒரு தடவை காட்டிடுங்க” என்று வரிசையில் உள்ள எல்லாரிடமும் கேளுங்கள். சந்தேகப்படுகிறவரிடம் மட்டும் கேட்டால் அது அவமானம். எல்லாரிடமும் கேட்டால் அது நடைமுறை. ஆளில்லாத துண்டை நீங்களாகத் தூக்கிப் போடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் முன்னிலையில் எடுத்துத் தலைமை அஷரிடம் கொடுங்கள். மயிலாப்பூரில் ‘மாமா’, ‘மாமி’ என்று கூப்பிடுவது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் அது எல்லாருக்கும் உவப்பான விளிப்பு அல்ல. ‘சார்’, ‘அம்மா’, ‘ஐயா’ யாரையும் புண்படுத்தாது.

தாமதமாக வருபவரை எப்போது உள்ளே விடுவது என்பதில்தான் ஒரு சபா அஷரின் தேர்ச்சி தெரியும். பாட்டு நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது எளிய விதி. ஆனால் கர்நாடகக் கச்சேரியில் ஒரு பிரதான உருப்படி, ஆலாபனை, கிருதி, நிரவல், கல்பனாஸ்வரம், மிருதங்கம் மட்டும் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் என்று ஒரு மணி நேரம்கூடப் போகும். அதுவரை ஒருவரை வாசலில் நிறுத்த முடியாது. உள்ளிருக்கும் சிறு இடைவெளிகளைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். பாடகர் ஆலாபனையை முடித்ததும் கைதட்டல் எழும், வயலின் எடுத்துக்கொள்வதற்குள் சில விநாடி கிடைக்கும். வயலின் முடித்ததும் இன்னொரு கைதட்டல், தம்பூரா சுருதியைச் சரிபார்ப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள். இந்த இடைவெளியில் பின்வரிசையிலும் நடைபாதை ஓர இருக்கையிலும் மட்டும் ஆளை உட்கார வைக்கலாம். முன்வரிசை நடு இருக்கைக்காரர் உருப்படி முழுவதும் முடியும்வரை பின்னால் தற்காலிகமாக உட்காரட்டும். இதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்: “இப்ப பின்னால உட்காருங்க, பாட்டு முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.” சொன்னால் சொன்னபடி வந்து கூட்டிப் போக வேண்டும். பரதநாட்டியத்தில் வர்ணம் என்ற பெரிய உருப்படி அரை மணிக்கு மேல் போகும், நடுவில் எழும் கைதட்டலை நம்பி ஆளை அனுப்பினால் அடுத்த ஜதி, அதாவது தாளச் சொற்கட்டு, தொடங்கிவிடும். அங்கே அறிவிப்பாளர் மைக்கைப் பிடிக்கும்வரை காத்திருப்பதே சரி.

தேசிய கீதம் ஒலிக்கும்போது யாரையும் நகர்த்தாதீர்கள். திரையரங்குகளில் அதைக் கட்டாயம் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று 2016 நவம்பர் 30-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு, 2018 ஜனவரி 9-இல் கட்டாயமில்லை என்று மாற்றப்பட்டது. எங்கே ஒலித்தாலும், எழ முடியாத முதியவரையோ மாற்றுத்திறனாளியையோ எழுந்திருக்கச் சொல்வது அஷரின் வேலை அல்ல. பக்கத்தில் இருப்பவர் அவரை அதட்டினால் தடுப்பதுதான் வேலை.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கு கேன்டீனைப் பார்க்க எழுந்து போகும். மிருதங்கக்காரருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும், நமக்கும் கோபம் வரும். ஆனாலும் அவர்களை மறிக்கக் கூடாது. வருகிறவரைக் காக்க வைக்கலாம், போகிறவரைத் தடுக்கக் கூடாது. வாயில் காப்பவருக்கு இதைவிடப் பெரிய விதி இல்லை. எழுந்தவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், மூச்சு முட்டியிருக்கலாம். கதவைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு விடுங்கள். திரும்பி வரும்போது வேண்டுமானால் காக்க வையுங்கள்.

டார்ச் பற்றி. செல்போன் விளக்கு வேண்டாம், அது வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் இறைக்கும். சிறிய டார்ச்சின் முகப்பில் மஞ்சள் அல்லது சிவப்பு செலோஃபேன் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே பிடித்து, தரையையும் படியின் விளிம்பையும் மட்டும் காட்டுங்கள். நீங்கள் ஓரடி முன்னால், சற்றுப் பக்கவாட்டில் நடந்து, வெளிச்சத்தைப் பின்னால் வருபவரின் காலடியில் விழச் செய்ய வேண்டும். உங்கள் காலடியில் அல்ல. இருக்கையை விரலால் சுட்டாமல் திறந்த கையால் காட்டுங்கள். வெளிச்சமான முன்கூடத்திலிருந்து வந்தவரின் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். முதல் சில நிமிடங்களில்தான் தடுமாற்றம் அதிகம், வயதானவருக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே கதவுக்கு உள்ளே ஒரு நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு நடத்திச் செல்லுங்கள். அவசரப்பட்டு இழுத்துப் போவதால்தான் முதல் படியிலேயே கால் தவறுகிறது.

கைத்தடியோடு வருபவரிடமிருந்து தடியை வாங்கி மூலையில் வைக்காதீர்கள். அவர் இருக்கைக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கட்டும். பார்வையற்றவரைப் பின்னாலிருந்து தள்ளக் கூடாது, உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். படி வந்தால் ‘இறங்கு படி’, ‘ஏறு படி’ என்று சொல்லுங்கள்; இருக்கை வந்ததும் அவர் கையை அதன் முதுகில் வையுங்கள், மீதியை அவரே பார்த்துக்கொள்வார். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தொடாதீர்கள். வரிசை ஓரத்தில் நிறுத்தி பிரேக் போட்ட பிறகு, நடைபாதை அடைபடுகிறதா என்று ஒருமுறை பின்னால் போய் நின்று பாருங்கள்.

யாராவது மயங்கினால் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும், இன்னொருவர் ஓட வேண்டும். இருவரும் ஓடுவதும், இருவரும் நிற்பதும் வழக்கமான தவறுகள். 108-ஐ அழைப்பவர் அரங்கின் பெயரோடு எந்த வாயிலுக்கு வண்டி வர வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் தெருவுக்குப் போய் ஆம்புலன்ஸை எதிர்கொள்ளட்டும். டி.டி.கே. சாலை போன்ற இடங்களில் மாலை நெரிசலில் வண்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வர நிமிடங்கள் வீணாகும்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை அசையாமல் நின்று, டார்ச்சைத் தரையில் அடித்து, “உட்கார்ந்தே இருங்க, லைட் வந்துடும்” என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும்.

தீ வேறு விஷயம். 1997 ஜூன் 13-இல் டெல்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்து மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை பால்கனிக்கு ஏறியது. அங்கே கூடுதல் இருக்கைகள் போட்டதில் ஒரு பக்கத்து வெளிவாயில் அடைபட்டிருந்தது. கதவுக்குப் பொறுப்பான பணியாளர் இடத்தில் இல்லை. அறிவிப்பும் இல்லை. 1977-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு கேளிக்கை விடுதி எரிந்து 165 பேர் இறந்தார்கள். ஆனால் அங்கே மேசை துடைக்கும் 18 வயதுப் பணியாளர் ஒருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்த அறையின் மேடையேறி, மைக்கை வாங்கி, வெளிவாயில்கள் எங்கே இருக்கின்றன என்று கையால் காட்டி, எழுந்து போகச் சொன்னார். பல நூறு பேர் அதனால் பிழைத்தார்கள். தீ விபத்துகளில் ஆட்கள் பதறி ஓடுவதைவிட, யாராவது சொல்லட்டும் என்று உட்கார்ந்தே இருப்பதுதான் அதிகம் நடக்கிறது. சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எப்படிச் சொல்வது? ‘தீ, தீ’ என்று கத்தாதீர்கள். “நிகழ்ச்சி நிறுத்தப்படுகிறது. எல்லாரும் எழுந்து பக்கத்து வாசல் வழியா வெளியே போங்க” என்று கட்டளையாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தாங்கள் வந்த கதவை நோக்கியே எல்லாரும் போவார்கள், மற்றக் கதவுகள் காலியாகக் கிடக்கும். ஆகவே ஆளுக்கொரு பக்கவாட்டுக் கதவை முழுதாகத் திறந்து, அதன் அருகே நின்று, கையை உயர்த்தி “இந்தப் பக்கம்” என்று கூப்பிட வேண்டும். கதவுக்கு நடுவில் நிற்காதீர்கள். வெளியே போனவர்கள் வாசலிலேயே நின்று உறவினரைத் தேடுவார்கள். அவர்களைத் தெருப்பக்கம் நகர்த்த ஒருவர் தேவை. கடைசியாக, புகை இல்லாவிட்டால் மட்டும், கழிப்பறைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு நீங்களும் வெளியேறுங்கள். தீயணைப்புக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112.

தீ இல்லாமலும் வாயில் ஆளைக் கொல்லும். 2005 டிசம்பர் 18-இல் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணத்துக்காக விடியற்காலையில் பள்ளி வாசலில் கூடியவர்களில் 42 பேர் நெரிசலில் இறந்தார்கள். முன்கூடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் அதற்குமேல் சேர விடாதீர்கள். பிரபல வித்வானின் கச்சேரிக்கு இலவச அனுமதி என்றால் கதவைச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே திறந்துவிடுங்கள், தாமதிக்காதீர்கள். பாதிக் கதவை மட்டும் திறந்து கூட்டத்தைக் ‘கட்டுப்படுத்த’ நினைப்பது மிகவும் ஆபத்தான பழக்கம். வரிசையைத் தெருவிலேயே அமைத்து, கதவை முழுதாகத் திறந்து வையுங்கள்.

தேவாலய அஷர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கூடுதலாகக் காணிக்கைப் பையை எப்போதும் இருவராகக் கொண்டுபோக வேண்டும், நற்கருணைக்கு வரிசை வரிசையாக எழுப்பிவிட வேண்டும். கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளித்து வரவேற்பவரும் பந்தி விசாரிப்பவரும் இதே வேலையைத்தான் வேறு பெயரில் செய்கிறார்கள். அங்கே பெரும்பாலும் தவறுவது, முதல் பந்தி எழுவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்தியை நிற்க விடுவது.

நிகழ்ச்சி முடிந்து ஆட்கள் போனதும் வரிசை வரிசையாக நடந்து, இருக்கைகளுக்கு அடியிலும் பாருங்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, மாத்திரை டப்பா, ஒற்றைக் கம்மல் இவைதான் அதிகம் கிடைக்கும். எந்த இருக்கையில் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். மறுநாள் காலை தேடி வருபவர் பொருளின் அடையாளத்தை அவரே சொல்ல வேண்டும். நீங்கள் எடுத்துக் காட்டி “இதுவா?” என்று கேட்கக் கூடாது.